செபம் பயிலும் முறை



செபம் என்பது ஒருவர் கற்பிக்க மற்றொருவர் கற்கக்கூடிய ஒன்றா, அன்றித் தானே உள்ளத்தில் ஊற்றெடுக்க வேண்டிய ஒன்றா என்னும் வினா கிறித்தவ சமயத்தினரிடையே நெடுங்காலமாக வழங்கிவருவது. துன்பம் வந்துற்றபோது கடவுளை அழைப்பதற்கு எவரும் பாடங் கற்பிக்க வேண்டியதில்லை. கற்பித்த சொற்களைச் சொல்வது கிளிப்பிள்ளையின் செயலேயாகும் என்பர் ஒருசாரார். முன்னோர் அமைத்துத் தந்த சொற்களே சிறந்தவை. அவற்றை மனனஞ்செய்து தவறாது ஓதினாற் போதும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயின் இரண்டும் முழுமையானவை அல்ல. கிறித்தவர்கள் செபிக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றை நோக்கின் இது தெளிவாகும். அவ்வரலாற்றின் சில பகுதிகளையும், அதிலிருந்து பெறப்படும் முறையையும் இன்று எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

முதலிற் சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. கத்தோலிக்கர் ‘செபம்’ என்றும் புரட்டஸ்தாந்தர் ‘ஜெபம்’ என்றும் எழுதும் இச்சொல் வடமொழியிலுள்ள ‘ஜப’ என்பதிலிருந்து வந்தது. மெல்ல உருவேற்றி ஓதுதல் என்பது அதன் பழைய பொருள். தமிழ்க் கிறித்தவர் வழக்கிலோ அது விரிந்து, புகழ்தல், நன்றி கூறுதல், குற்றத்தை ஒப்புக்கொள்ளல், வேண்டுதல், சும்மாயிருந்து செவிசாய்த்தல் ஆகிய அனைத்தையும் அடக்கி நிற்கின்றது. ஓதுதலும் உரையாடுதலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது நாம் ஆராயும் பொருளுக்கு மிகப் பொருத்தமுடையது.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. இயேசுநாதர் ஓரிடத்திற் செபித்து முடித்தபின் சீடருள் ஒருவர் அவரை அணுகி, யோவான் தம் சீடருக்குக் கற்பித்தது போலத் தங்களுக்கும் செபிக்கக் கற்பிக்கும்படி கேட்கின்றார். இவ்வாறு கேட்டவர் செபத்தையே அறியாதவர் அல்லர். அச்சீடர்கள் யூதர்கள்; சங்கீதங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள்; தம் மக்கள் வழிவழியாக ஓதிவந்த செபங்களை இளமையிலேயே அறிந்தவர்கள். அத்தகையோரும், செபிக்கும் ஒருவரைக் கண்ணாரக் கண்ட பின்னர், தமக்கு இன்னும் கற்கவேண்டியது உண்டென உணர்ந்தனர். அவரும் ‘இது கற்பிக்கத்தக்கதன்று’ எனக் கூறி அவர்களை அனுப்பிவிடவில்லை. சில சொற்களைக் கொடுத்தார். ஆதலின் செபம் கற்கத்தக்கது என்பதும், அதனைக் கேட்டுக் கற்பதில் நாணத்துக்கு இடமில்லை என்பதும் இந்நிகழ்ச்சியாற் பெறப்படும்.

அவர் கொடுத்த சொற்களே கத்தோலிக்கர் பரலோக மந்திரம் என்றும், புரட்டஸ்தாந்தர் பரமண்டல ஜெபம் அல்லது கர்த்தருடைய ஜெபம் என்றும் வழங்கிவருவது. லூக்காவில் இது சுருக்கமாகவும், மத்தேயுவின் 6ஆம் அதிகாரத்தில் சற்று விரிவாகவும் காணப்படுகின்றது. மத்தேயு இதனை மலைப்பிரசங்கத்தின் நடுவே, இரண்டு எச்சரிக்கைகளின்பின் வைத்திருக்கின்றார். பிறர் காணவேண்டுமென்று தெருமுனையில் நின்று செபித்தலாகாது, அறைக்குள்ளே சென்று கதவை மூடிக்கொள்ள வேண்டும் என்பது முதலாவது. சொற்களை அடுக்கினாற்றான் கேட்கப்படும் என்று கருதலாகாது என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் பின்னரே செபத்தின் சொற்கள் வருகின்றன. ஒரு நிமிடத்துக்குள் ஓதி முடிக்கக்கூடிய அளவே அவை.

இச்செபத்தின் அமைப்பைச் சிறிது கவனித்தல் வேண்டும். கடவுளைத் தந்தை என அழைத்துத் தொடங்கும் இதனில் ஏழு மன்றாட்டுகள் உள்ளன என்பது மேலைத் திருச்சபையின் பழைய கணக்கு. கடைசி இரண்டையும் ஒன்றாகக் கொண்டு ஆறு என எண்ணுவாரும் உளர். முதன் மூன்றும் கடவுளைப்பற்றியவை: அவர் பெயர் தூயதெனப் போற்றப்படுதல், அவர் ஆட்சி வருதல், அவர் சித்தம் விண்ணிற்போல மண்ணிலும் நிறைவேறுதல். எஞ்சிய நான்கும் மனிதரின் தேவைகள்: அன்றாட உணவு, குற்ற மன்னிப்பு, சோதனையில் வீழாதிருத்தல், தீமையினின்று விடுதலை. துன்பமுற்ற மனிதன் இயல்பாகத் தன் தேவையையே முதலிற் கூறுவான். இச்செபமோ அவனைச் சற்று நிறுத்தி, முதலில் வேறொருவரின் முகத்தை நோக்கச் செய்து, அதன் பின்னரே அவன் தேவைக்கு அழைத்து வருகின்றது. தானாக ஊற்றெடுக்கும் செபத்துக்கும் பயின்று வரும் செபத்துக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவேயாம்.

மற்றொன்றையும் நோக்குக. கதவை மூடித் தனித்திருந்து செபிக்குமாறு பணித்தவரே, ‘என்’ என்னாது ‘எங்கள்’ என்று கூறவும் கற்பித்தார். தனித்திருப்பவனும் தனக்கு மட்டும் உணவு கேட்க இச்செபத்தில் இடமில்லை. கி.பி. 258இல் இரத்தசாட்சியாக மரித்த கார்த்தேச்சு நகரத்து ஆயர் சிப்பிரியான் இச்செபத்துக்கு எழுதிய விளக்கத்தில் இப்பன்மையையே சிறப்பாக எடுத்துக்காட்டினார். அவருக்கு முன், ஏறக்குறைய கி.பி. 200இல் அதே நாட்டவராகிய தெர்த்துல்லியன் இச்செபத்தைச் சுவிசேஷம் முழுவதன் சுருக்கம் எனக் கருதி விளக்கவுரை எழுதினார்.

ஆதிக் கிறித்தவர்கள் இதனை எவ்வாறு கற்றனர்? ‘திதாக்கே’ எனப்படும் மிகப் பழைய போதனை நூல் இதனை நாளொன்றுக்கு மூன்று முறை சொல்லும்படி விதிக்கின்றது. புதிதாகச் சமயத்திற் சேர்பவர்க்கு இச்செபம் தொடக்கத்திலேயே கொடுக்கப்படவில்லை. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆபிரிக்காவில் ஆயராக விளங்கிய அகுஸ்தீன், ஞானஸ்நானம் பெறவிருந்தோர்க்கு முதலில் விசுவாசப் பிரமாணத்தையும் பின்னர் இச்செபத்தையும் வாய்மொழியாகக் கற்பித்து விளக்கினார். அவர்கள் சில நாள்களின்பின் அதனை மனனஞ்செய்து வந்து ஒப்புவித்தனர். விளக்கமும் மனனமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதிருந்த முறை இது. ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டுகள் கழித்த எனக்கு இம்முறை பெரிதும் உவப்பளிக்கின்றது. வாய்பாட்டை மனனஞ்செய்யாத பிள்ளை கணக்கில் இடர்ப்படும்; வாய்பாட்டை மட்டும் மனனஞ்செய்த பிள்ளையோ கடையிற் சென்று மீதிப்பணம் சரிபார்க்க அறியாது நிற்கும்.

மனனத்தின் வலிமைக்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்றுகள் உள. 1542இல் தென்பாண்டி முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியாதவர். அவர் இருமொழியும் அறிந்தாரைத் துணைக்கொண்டு விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம் முதலியவற்றைத் தமிழிற் பெயர்த்து, தாமும் மனனஞ்செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டி ஓதுவித்ததைத் தம் கடிதத்திற் குறித்திருக்கின்றார். சிறுவர்கள் தாம் கற்றதை வீடு சென்று பெற்றோர்க்கும் அயலார்க்கும் கற்பிக்குமாறும் அவர் ஏவினார். பின்பு அன்றிக்கு அடிகளார் எனத் தமிழர் அழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்பவரின் முயற்சியால் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் அச்சேறியது. இந்திய மண்ணிலே தமிழ் எழுத்துகளில் அச்சிடப்பெற்று இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழையது அதுவே. தமிழ் அச்செழுத்தின் வரலாறும் செபங் கற்பிக்கும் முயற்சியும் இவ்வாறு கைகோத்து நிற்கின்றன.

இலங்கையிலும் இவ்வண்ணமே நிகழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபின் கத்தோலிக்க குருமார்க்கு இடமில்லாது போயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின்பின், 1687இல், கோவையைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகள் மாறுவேடத்தில் இத்தீவுக்கு வந்தார். கோவை என்றது மேலைக் கரையிலுள்ள கோவாவை. கத்தோலிக்கர் இன்னார் என அறியும் பொருட்டு, செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சைக்காரர் போலச் சென்றார் என அவர்தம் வரலாறு கூறும். குருவும் கோயிலும் நூலும் இல்லாத அக்காலத்திலே வாய்க்குள் இருந்த செபத்தை எந்த ஆணையாலும் பறிக்க முடியவில்லை. 1705இல் வந்து அவரோடு சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றி அம்மக்களின் வழிபாட்டுக்கு மொழி தந்தார். யோசேவாஸ் அடிகள் 2015 சனவரி 14இல் கொழும்பிலே புனிதராக அறிவிக்கப்பெற்றார்.

மனனஞ்செய்து ஓதுதல் சைவ நேயர்களுக்கோ முஸ்லிம் நேயர்களுக்கோ புதிதன்று. தேவார திருவாசகங்களை ஓதும் பிள்ளைகளும், திருக்குர்ஆனின் தொடக்க அத்தியாயத்தை ஓதும் பிள்ளைகளும் பொருள் முழுவதும் அறியுமுன்னரே சொற்களைப் பெற்றுக்கொள்கின்றனர். குழந்தை தாயின் சொற்களைத் திருப்பிச் சொல்லியன்றோ தன் சொந்தப் பேச்சைப் பெறுகின்றது? இரவல் வாங்கிய சொல் நாளடைவிற் சொந்தச் சொல்லாவது மொழி பயிலும் முறை. செபம் பயிலும் முறையும் அதுவே.

ஆயினும் இரவல் சொல் என்றும் இரவலாகவே நின்றுவிடுதலும் உண்டு. இதனை மிக வருந்தி எடுத்துக்காட்டியவர் ஜேர்மனியிற் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மாட்டின் லூதர். உலகிலுள்ள இரத்தசாட்சிகளுள் எல்லாம் மிகப் பெரியது இச்செபமே என்னும் கருத்துப்பட அவர் ஓரிடத்தில் எழுதினார். எல்லோரும் அதனை நாவினால் வதைக்கின்றனர், அதனால் ஆறுதல் பெறுவோர் சிலரே என்பது அவர் குறிப்பு. இவ்வாறு அவர் எழுதிய நூல் அறிஞர்க்காக எழுதப்பெற்றதன்று. விற்றன்பேர்க் நகரிலே அவருக்கு முகமழித்துத் தலைமயிர் வெட்டிவந்த நாவிதர் பீற்றர் பெஸ்கென்டோர்ப் என்பவர், தாம் செபிப்பது எவ்வாறு என ஒருமுறை அவரிடம் வினவினார். அதற்கு விடையாக 1535ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தமது ஐம்பத்தோராம் வயதில், லூதர் ஒரு சிறுநூலையே எழுதி அந்நண்பர் பேரால் வெளியிட்டார். செபம் பயில விரும்புவார்க்கு இந்நூலிலுள்ள முறை இன்றும் எளிதாகப் பயன்படுவது ஆதலின் அதனைச் சிறிது விரித்துக் கூறுவேன்.

லூதர் முதலிலே தம் குறையைக் கூறித் தொடங்குகின்றார். வேறு அலுவல்களாலோ வேறு நினைவுகளாலோ தமக்குச் செபத்தில் விருப்பம் குளிர்ந்துபோவதுண்டு என்கின்றார். அப்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ, மக்கள் கூடும் வேளையாயின் கோயிலுக்கோ சென்று, பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சிறுபிள்ளைகளைப்போலச் சொல் சொல்லாகச் சொல்லத் தொடங்குவாராம். விருப்பம் வந்தபின் செபிப்போம் என்று காத்திராது, செபத்தின் சொற்களைக்கொண்டே குளிர்ந்த உள்ளத்தை மூட்டுதல் இம்முறையின் முதற்படி. காலையில் முதல் வேலையாகவும் இரவிற் கடைசி வேலையாகவும் செபத்தைக் கொள்க என்றும், ‘இதோ இந்த அலுவலை முடித்துவிட்டுச் சற்றுப் பொறுத்துச் செபிப்பேன்’ என்னும் எண்ணத்தை அஞ்சுக என்றும் எச்சரிக்கின்றார். அந்த அலுவல் இன்னோர் அலுவலைக் கொண்டுவரும். அன்றைய செபம் நிகழாமலே போகும்.

இரண்டாவது படி கவனம். இதனை விளக்க அவர் நாவிதரின் தொழிலையே எடுத்துக்கொள்கின்றார். நல்ல நாவிதன் தன் நினைவையும் கண்ணையும் கத்தியின்மேலும் மயிரின்மேலும் வைத்திருப்பான். எவ்விடத்தில் நிற்கின்றான் என்பதை மறவான். பேச்சிலும் வேடிக்கையிலும் மனத்தைச் செலுத்துவானாயின் வாடிக்கையாளனின் மூக்கையோ, கழுத்தையோகூட அறுத்துவிடுவான். எந்தத் தொழிலும் செவ்வனே நடைபெற முழு மனமும் வேண்டுமாயின், செபத்துக்கு அது எவ்வளவு வேண்டும் என வினவுகின்றார். கேட்டவரின் கையிலிருந்த கருவியே பாடநூலாயிற்று.

மூன்றாவது படி, நான்கு இழைகளாற் பின்னிய மாலை என அவர் கூறும் பயிற்சி. ஒரு கற்பனையை எடுத்துக்கொண்டு, அது எனக்குக் கற்பிப்பது யாது, அதன்பொருட்டு நான் நன்றி கூறவேண்டியது யாது, அதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் யாது, நான் வேண்டிக்கொள்ளத்தக்கது யாது என நான்கு முறை நோக்குதலே அது. களவு செய்யலாகாது என்னும் கற்பனையை நம்மூர் வணிகர் ஒருவர் எடுத்துக்கொண்டார் எனக் கருதுவோம். பிறர் பொருளுக்கு ஊறு செய்யாது அதனைப் பேணவேண்டும் என்பது அவர் கற்கும் பாடம். தம் கடையும் பண்டமும் இதுகாறும் காக்கப்பட்டமைக்கு அவர் நன்றி கூறலாம். தராசின் தட்டு எத்தனை முறை தம் பக்கம் சாய்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம். நாளைய தினம் நேரிய அளவோடு விற்க மனவுறுதி வேண்டலாம். ஆசிரியர் ஒருவர் இதனையே எடுத்துக்கொண்டால், மாணவர்க்குரிய நேரத்தை அவர் களவாடிய நாள்கள் நினைவுக்கு வரும். ஐந்து நிமிடம் இவ்வாறு அமர்ந்தவர், செபத்தில் என்ன பேசுவது என்று தெரியவில்லை எனக் கூறமாட்டார்.

நான்காவது படியே மிக முக்கியமானது. இவ்வாறு சொல்லிக்கொண்டு போகும்போது ஒரு சொல்லிலே உள்ளம் தங்கி, நல்ல நினைவுகள் பெருகுமாயின், ஏனைய மன்றாட்டுகளை விட்டுவிட்டு அமைதியாயிருந்து அதனைக் கேட்க வேண்டும் என்கின்றார் லூதர். தாம் எழுதிய சொற்களை அப்படியே ஒப்புவிக்கலாகாது என்றும், தாமும் ஒருநாள் போல மற்றொருநாள் சொல்வதில்லை என்றும் அவர் தெளிவுறுத்துகின்றார். நூலை எழுதியவரே நூலைக் கீழே வைக்கக் கற்பிப்பது இங்கு கவனிக்கத்தக்கது. சொற்கள் வாயிற்படி போன்றவை. அவற்றின்மீது ஏறியே உள்ளே செல்லவேண்டும், ஆயின் உள்ளே சென்றவர் வாயிற்படியில் நிற்பதில்லை. இறுதியிற் சொல்லும் ‘ஆமென்’ என்னும் எபிரேயச் சொல்லை, ‘அவ்வாறே ஆகுக’ என்னும் பொருளுணர்ந்து உறுதியோடு சொல்லும்படியும் அவர் கற்பித்தார்.

இந்நாவிதரின் கதை இவ்விடத்திலே இனிது முடிந்திருக்குமாயின் எவ்வளவோ நன்றாயிருக்கும். அவ்வாறு முடியவில்லை. நூல் வெளிவந்து சில கிழமைகளுக்குள், 1535ஆம் ஆண்டின் உயிர்த்த திருநாளுக்கு முந்திய நாள், பீற்றர் தம் மருமகனோடு உணவருந்திக்கொண்டிருந்தபோது அவனைக் கத்தியாற் குத்திக் கொன்றுவிட்டார். லூதர் முதலியோர் அவர்பொருட்டுப் பரிந்து பேசினமையால் உயிர்த்தண்டனை நீங்கிற்று. ஆயினும் உடைமை இழந்து நகரினின்றும் வெளியேற்றப்பட்டார். செபிக்கும் முறையைக் கேட்டறிந்தவர், கவனத்தைப்பற்றிய உவமைக்குத் தம் கையையே தந்தவர், அக்கையினாலேயே குடும்பத்தில் ஓர் உயிரைப் போக்கினார்.

அப்படியாயின் அம்முறையினாற் பயன் யாது என நேயர்கள் கேட்கலாம். அது நியாயமான வினா. செபம் தீவினையைத் தடுக்கும் தாயத்து அன்று என்பதே இதற்குரிய முதல் விடை. செபம் கற்றவன் பிழை செய்யாதவனாகிவிடுவான் என்று சுவிசேஷம் எங்கும் கூறவில்லை. உணவைக் கேட்கும் மன்றாட்டை அடுத்தே மன்னிப்பைக் கேட்கும் மன்றாட்டும் ஒரே செபத்தில் வைக்கப்பட்டிருப்பதை நோக்குக. நாள்தோறும் பசி வருதல் போல நாள்தோறும் பிழையும் வரும் என்பதை அச்செபத்தைக் கற்பித்தவர் அறிந்தேயிருந்தார். தன்னைத் தூயவன் என்று கருதுபவனுக்கு ஐந்தாம் மன்றாட்டில் இடமில்லை. பெரும்பிழை செய்தவனுக்கோ சொல்லத்தகுந்த சொற்கள் அங்கே முன்னரே ஆயத்தமாக உள்ளன. பீற்றரின் செயலால் அந்நூல் அழிந்துபடவில்லை. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளின்பின் இன்றும் அது நாவிதர் பீற்றரின் பெயரோடேயே வாசிக்கப்படுகின்றது.

அவ்வைந்தாம் மன்றாட்டு எளிதன்று. மன்றாட்டுகள் ஏழனுள், சொல்பவனைத் தானும் ஒன்று செய்யுமாறு பிணைப்பது அது ஒன்றே: பிறர் தனக்குச் செய்த குற்றத்தைப் பொறுத்தலோடு அது இணைக்கப்பட்டுள்ளது. இதனைப் பிறர்க்கு உபதேசிப்பதில் மிகுந்த அடக்கம் வேண்டும். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் செபிக்க வந்தோர் செபித்த இடத்திலேயே உயிரிழந்தனர். அவர்களுட் சிறு குழந்தைகளும் இருந்தனர். பிள்ளையை அங்கே பறிகொடுத்த ஒரு தாயிடம், ‘ஐந்தாம் மன்றாட்டைச் சொல்லுங்கள்’ என வெளியிலிருந்து கூறும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. அவர் அதனைச் சொல்லும் நாள் வருமாயின் அது அவரின் செபம். வராத நாள்களில் அவர் எதனைச் செபிப்பது?

இதற்கும் கிறித்தவ மரபில் விடை உண்டு. நூற்றைம்பது சங்கீதங்களிலே புலம்பலாக அமைந்தவை மிகப் பல. ‘ஏன்’ என்றும், ‘எதுவரைக்கும்’ என்றும் கடவுளை நேரே வினவும் சொற்கள் அவற்றிலே நிறைந்துள்ளன. 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் கூறாமல் இருளிலேயே முடிகின்றது. அதனையும் செபம் என ஏற்று யூதரும் கிறித்தவரும் தம் திருநூலில் வைத்திருக்கின்றனர். ஆதலின் முறையிடுதலும் அழுதலும் செபத்தில் தவறியோர் செய்வன அல்ல, அவையும் செபமே. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுநாதர் தம் முன்னிருந்த துன்பம் நீங்குமாறு மும்முறை வேண்டினார் என மத்தேயு கூறுகின்றார். அத்துன்பம் நீங்கவில்லை. அவ்வேண்டுதலின் இடையே அவர் வாயினின்றும் வந்தது, தாம் சீடர்க்குக் கற்பித்த செபத்தின் மூன்றாம் மன்றாட்டாகிய, தந்தையின் சித்தம் நிறைவேறுதலைப்பற்றிய சொற்களே. பயின்ற சொல் கொடிய இரவிலே கைகொடுப்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

செபத்தில் மனம் அலைகின்றதே என வருந்துவார்க்கு ஸ்பெயின் நாட்டு அவிலா நகரத்துத் தெரேசம்மாள் ஆறுதல் தருவார். 1515இல் பிறந்து 1582இல் மரித்த இவர், செபத்தைப்பற்றி எழுதியோருள் மிக உயர்ந்தோராக மதிக்கப்படுபவர். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் பட்டமும் பெற்றவர். அத்தகையவர் பதினெட்டு ஆண்டுகளாகக் கையில் ஒரு புத்தகம் இல்லாமல் செபத்தில் அமரத் துணிந்ததில்லை என்று தம் வரலாற்றில் எழுதுகின்றார். செபநேரம் எப்போது முடியும் என்று மணியோசையை எதிர்பார்த்திருந்த நாள்களும் தமக்கு உண்டென ஒளியாது கூறுகின்றார். பின்னர்த் தம் சகோதரிகளுக்காக இவர் எழுதிய நூலில் பரலோக மந்திரத்தை மன்றாட்டு மன்றாட்டாக விளக்குமிடத்து, யாரோடு பேசுகின்றோம், பேசுகின்ற நாம் யார் என்னும் இரண்டையும் நினைந்து சொல்வோமாயின் வாய்ச்செபமே மனச்செபமாகிவிடும் என்னும் கருத்தைப் பலவாறு வற்புறுத்துகின்றார். லூதரும் தெரேசம்மாளும் சமயக் கொள்கையில் எதிரெதிர் அணியினர். எனினும் செபம் பயிற்றும் ஆசிரியராக அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றாகவே இருப்பதைக் காண்கின்றோம்.

இனி, இவற்றையெல்லாம் தொகுத்து, புதிதாகத் தொடங்குவார்க்குச் சில கூறுவேன். நாளில் ஒரு நேரத்தையும் வீட்டில் ஓரிடத்தையும் குறித்துக்கொள்க. பத்து நிமிடம் போதும். ஆனால் அது நாள்தோறும் வேண்டும். அமர்ந்தவுடன் பேசத் தொடங்காது, யார் முன்னிலையில் இருக்கின்றோம் என்பதைச் சற்று எண்ணுக. பின்பு பரலோக மந்திரத்தை மெதுவாக, ஒவ்வொரு மன்றாட்டின் பின்பும் ஒரு மூச்சு நேரம் நின்று சொல்லுக. உணவைக் கேட்கும் இடத்தில் இன்று உலை வைக்க வழியில்லாத வீடு ஒன்றை நினைக்க. ‘எங்கள்’ என்னும் சொல் அதனையும் உள்ளடக்கியது. மன்னிப்பின் இடத்தில் ஒரு முகம் நினைவுக்கு வருமாயின் அதனைத் தள்ளிவிடாதீர். மனம் அலைந்தால் அதனோடு போராடாது, விட்ட சொல்லிலிருந்தே மீண்டும் தொடங்குக. அலைந்த நினைவு ஒரு கவலையாயின் அக்கவலையையே வேண்டுதலாக்கிக்கொள்ளலாம். கடைசியிற் சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருக்க. இன்ப உணர்ச்சி ஒன்றும் தோன்றாத நாள்கள் பல வரும். அவற்றைக் கொண்டு செபத்தை அளக்காதீர்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளைகளுக்குச் செபத்தைத் தண்டனையாகக் கொடுத்தலாகாது. சொற்களைக் கற்பித்து, ஆண்டுக்கு ஒரு மன்றாட்டாயினும் அதன் பொருளை அவர்தம் வயதுக்கேற்ப விளக்குக. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோர் தாமே செபிப்பதைப் பிள்ளைகள் காணவேண்டும். அந்தச் சீடரும் ஒருவர் செபிப்பதைக் கண்ட பின்னரே கற்பிக்குமாறு கேட்டார். பாடசாலையில் யாம் பிரார்த்தனைக்கென நேரத்தை ஒதுக்கலாம், வரிசையாக நிற்கச் செய்யலாம், ஒரே குரலில் ஓதுவிக்கலாம். அச்சொற்கள் ஒருவருக்குத் தேவைப்படும் இரவிலே அவை அவர் வாயிலிருக்கும்படி செய்வதே யாம் செய்யக்கூடியது. அவற்றைக் கொண்டு பேசுவது அவரவர் செயல்.